பாப்பாவுக்கு எப்ப ரெண்டு வயசு?

லண்டனிலிருந்து வந்து கட்டுநாயக்கவில் இறங்கியது, வேன் வந்தது, வழியில் கித்துல்கலையில் சோறு சாப்பிட்டது எல்லாம் வழக்கம்போலத்தான், விடுங்கள். நான் சொல்ல வந்தது ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற விமான டிக்கெட் கடையைப் பற்றி.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. நாங்கள் வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்: "டிக்கெட்டை ரீகன்ஃபோம் பண்ணிட்டியா?" மாமா சவூதிக்குப் போய்வந்த காலத்து வழக்கம் அது. 72 மணித்தியாலத்துக்கு முன்னால் சொல்லிவைக்காவிட்டால் சீட் போய்விடும். இப்போது அதெல்லாம் கிடையாதுப்பா என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார். சரி, அவர் மனசு ஆறட்டும் என்று பேப்பரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். ஹட்டனில் கால் வைக்க இடமில்லை. கடைப் போர்டில் 9 மணி என்று இருந்தது. திறக்கும்போது 10 தாண்டிவிட்டது. திறந்ததும் கரண்ட் போனது. லண்டனில் என்றால் இதற்கே கோபமாக ஒரு மெயில் போட்டிருப்பேன். இங்கே பேக்கரிக்கு இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன்.

அங்கே இருந்த தங்கச்சி பேப்பரை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். மகள் பெயரில் விரல் நின்றது.

"அண்ணே, பாப்பாவுக்கு எப்ப ரெண்டு வயசு முடியுது?"

"வர்ற பதினொன்னாந் தேதி."

"நீங்க திரும்பிப் போறது?"

"பதினெட்டு."

கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையை டீச்சர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்தாள்.

ரெண்டு வயது முடியாத குழந்தை மடியில் போகலாம். பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். ஆனால் வயதைப் பார்ப்பது டிக்கெட் எடுத்த நாளில் இல்லை, பறக்கிற நாளில். இடையில் பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பும்போது தனிச் சீட், தனி பெல்ட், சிறுவர் டிக்கெட். அது பல விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் முக்கால் பங்குக்குப் போய்விடும். நான் லண்டனில் இணையத்தில் எடுத்தபோது மகளின் பிறந்த தேதியைக் கேட்டார்கள், கொடுத்தேன். போக, வர ரெண்டுக்கும் கைக்குழந்தை என்றே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு சிவப்பு எழுத்துக்கூட வரவில்லை.

"இத இப்பவே மாத்துங்கண்ணே. எயார்போட்ல போய் நின்னா சீட் இருக்குமோ தெரியாது. நாங்க வித்த டிக்கெட்னா நானே மாத்திருவேன். இது அவங்க குடுத்தது, அவங்கதான் மாத்தணும்."

லண்டனில் காலை 9 என்றால் நமக்குப் பின்னேரம் 2.30. எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம். அந்தி நிறுவை நடக்கும் நேரம், சாக்கோடு வரிசையில் நிற்கிற அக்காமாருக்கு நடுவில், டிக்கெட் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டு, ஹோல்டில் நாற்பது நிமிடம் பியானோ கேட்டேன். பிறகு வந்தவர் "குழந்தையின் வயது?" என்றார். அதைச் சொல்லத்தானே அழைத்தேன்! அடுத்து கார்ட் நம்பரைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓடிபி வரும் என்றார். வந்தது, ஆனால் லண்டன் சிம்முக்கு. அந்த சிம் லயத்து வீட்டில், சூட்கேஸில், மனைவியின் கைப்பைக்குள். மகன் மேட்டில் ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி பியானோ.

மூன்றாவது நாள்தான் முடிந்தது. 412 பவுண். நால்வருக்கும் ஒன்றாக சீட் இல்லை. எனக்கு மட்டும் ஆறு வரிசை பின்னால். வரிசையில் நின்ற ஒரு அக்கா, "என்னய்யா, இன்னைக்காவது டிக்கெட்டு கெடைச்சிச்சா?" என்று கேட்கிற அளவுக்குத் தோட்டம் முழுக்க விஷயம் போயிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

நன்றி சொல்லலாம் என்று கேக் பெட்டியோடு மறுபடி ஹட்டன் போனேன். அன்று பௌர்ணமி, போயா விடுமுறை, கடை பூட்டு. அடுத்த நாள் திரும்பவும் போனேன். காசு வேண்டாம் என்றாள், கேக்கை வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது என் கூட வந்த மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"பத்து."

"அடுத்து எப்ப வாறீங்க?"

"ரெண்டு வருஷத்தில."

"அப்ப பன்னெண்டு முடிஞ்சிருமே அண்ணே. பெரியாள் டிக்கெட்டுதான்."