ஒரே ஒரு பிராட்பேண்ட் மட்டும் உள்ள அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறீர்களா? உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களும் இனிமேல் குடிபோகப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வேலையை ஒரு கம்பெனி மட்டும் செய்வதாக நான் நினைக்கவும் இல்லை.

எங்கள் வளாகத்தில் இன்டர்நெட் என்றால் ஒரே கம்பெனிதான். வீடுகளை ஒப்படைக்கும்போதே பில்டர் அவர்களுக்கு டக்ட் (கட்டடத்துக்குள் ஒயர்கள் போகும் குழாய்ப் பாதை) வழியாக ஃபைபர் இழுக்க அனுமதி கொடுத்துவிட்டார். பதிலுக்கு கிளப் ஹவுஸுக்கும் அசோசியேஷன் ஆபீஸுக்கும் இலவச வைஃபை. வேறு கம்பெனி ஆள் ஏணியோடு வந்தால் செக்யூரிட்டி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார், அவருக்கு வந்திருக்கும் உத்தரவு அப்படி. பல வருஷமாக நானும் மாதம் 999 ரூபாய் பிளான், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,179 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன். வேகம் 100 எம்பிபிஎஸ்.

கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்த தம்பி பேச்சுவாக்கில் தன் பில்லைக் காட்டினார். 200 எம்பிபிஎஸ், 799 ரூபாய், வரியோடு 943. இன்ஸ்டலேஷன் இலவசம், கூடவே ஒரு ஓடிடி சந்தா. ரெண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்: அதே கம்பெனி, அதே பிளாக். எனக்குப் பாதி வேகம், மாதம் 236 ரூபாய் கூடுதல். வருஷத்துக்கு 2,832 ரூபாய்!

சரி, அவருக்கு வேறு லைன், வேறு கருவி ஏதாவது இருக்குமோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. வேறொரு ரிப்பேருக்காக வந்த லைன்மேன் லிஃப்ட் பக்கத்து டக்ட்டைத் திறந்தபோது நானே எட்டிப் பார்த்தேன். ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் ஒரே ஸ்ப்ளிட்டர் பெட்டியிலிருந்துதான் என் வீட்டு மஞ்சள் ஒயரும் அவர் வீட்டு மஞ்சள் ஒயரும் கிளம்புகின்றன. "லைன் எல்லாம் ஒண்ணுதாண்ணே, ஆபீஸ்ல பிளானை மாத்துனா அங்கிருந்தே ஸ்பீடு மாறிடும், நாங்க வரவே வேண்டாம்" என்றார் அந்தப் பையன். எனக்கு 100 மட்டும் கொடுப்பதில் அவர்களுக்கு மிச்சமாகும் செலவு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓர் எண், அவ்வளவுதான்.

இது புதுத் தந்திரமும் இல்லை. 1990-இல் ஐபிஎம் நிமிஷத்துக்கு 10 பக்கம் அடிக்கும் லேசர் பிரிண்டர் ஒன்றையும், கிட்டத்தட்ட அதே இயந்திரத்தில் வேகத்தைக் குறைத்து 5 பக்கம் மட்டும் அடிக்கும் மலிவு மாடலையும் சேர்த்து விற்றது. இயந்திரத்தை வேண்டுமென்றே காக்க வைத்ததால்தான் வேகம் குறைந்தது. அதிலாவது மெதுவானதை வாங்கியவர் குறைவாகக் கொடுத்தார். இங்கே மெதுவானதற்கு நான் அதிகம் கொடுக்கிறேன்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "சார், அது புதிய வாடிக்கையாளர்களுக்கான ஆஃபர்." பழைய வாடிக்கையாளருக்கு என்ன ஆஃபர் என்று கேட்டால் பதில் இல்லை. நம் ஊர்க் காய்கறிக் கடையில் வாடிக்கையாக வருகிறவருக்குத்தான் கொத்தமல்லி கொசுறு கிடைக்கும், இவர்கள் ஊரில் தலைகீழ். அப்புறம் "கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுங்க" என்று சொன்னதும்தான் குரலே மாறியது. கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது, வேறொருவர் வந்தார், "உங்களுக்காக மட்டும்" என்று 30 சதவீதம் தள்ளுபடி. ஆப்பில் எங்கேயும் அது கிடையாது, வெப்சைட்டிலும் கிடையாது. ஒரு வருஷப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், நடுவில் விலகினால் பணம் திரும்ப வராது. இதையெல்லாம் மெயிலில் எழுதி அனுப்புங்கள் என்றேன். "அப்படி அனுப்ப முடியாது சார்." நான் வாங்கவில்லை.

இதில் என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டியது வேறு. எங்கள் எதிர்ச்சாரியில் இருக்கும் வளாகத்தில் மூன்று கம்பெனி லைன் இருக்கிறது. அதன் வாசலில் இதே கம்பெனி குடை நட்டு, மேஜை போட்டு, எங்களுக்கு எந்தக் காலத்திலும் காட்டாத விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு ரோடுதான். அந்தப் பக்கம் இருப்பவர் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே மாறிவிடுவார், நான் மாற முடியாது. என் விலை அதை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது.

ஆளுக்கொரு விலை என்பதே அயோக்கியத்தனம் என்று நான் சொல்லவில்லை. மாணவருக்குச் சலுகைப் பாஸ் கொடுத்தால் யாரும் கோபப்படுவதில்லை. அங்கே கையில் காசு குறைவாக இருப்பவருக்கு விலை குறைகிறது. இங்கே வெளியே போக வழி இல்லாதவருக்கு விலை ஏறுகிறது. பிரிட்டனில் வீட்டுக் காப்பீட்டிலும் கார் காப்பீட்டிலும் இதே கதை நடந்து, புதுப்பிக்கும் பழைய வாடிக்கையாளரிடம் புதியவருக்கான விலையைவிட அதிகம் கேட்கக் கூடாது என்று 2022 ஜனவரி 1 முதல் விதியே போட்டுவிட்டார்கள்.

நம் ஊரில் பிராட்பேண்ட் விலையை டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) நிர்ணயிப்பதில்லை, கம்பெனி இஷ்டம். ஆனால் டிராயின் 1999 கட்டண உத்தரவில் ஒரே வகைச் சந்தாதாரர்களுக்குள் பாரபட்சம் காட்டக் கூடாது, அந்த வகைப்பிரிப்பும் தான்தோன்றித்தனமாக இருக்கக் கூடாது என்று இருக்கிறது. "புதியவர் ஒரு வகை, பழையவர் ஒரு வகை" என்று கம்பெனி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுக்கும் சலுகைகள் பற்றி மொபைல் கம்பெனிகளோடு டிராய் சண்டை போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த விவரங்களை டிராயிடம் கொடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. டிராயிடம்தான், நம்மிடம் இல்லை.

அதனால் இப்போதைக்கு: கம்பெனி வெப்சைட்டில் புது வாடிக்கையாளர் போலப் போய், உங்கள் பின்கோடைப் போட்டு விலையைப் பாருங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு வருஷ முன்பணம் கட்டவே கட்டாதீர்கள், உங்களிடம் இருக்கும் ஒரே பிடி மாதாமாதம் கட்டுவதுதான். போனில் பேசினால் புகார் எண் கேட்டு வாங்குங்கள். அது சரிவராவிட்டால் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுதலாம், சட்டப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். வீடு வாங்கப் போகிறவர்கள் தண்ணீர், பார்க்கிங் கேட்பதோடு எத்தனை இன்டர்நெட் கம்பெனிக்கு டக்ட்டில் அனுமதி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

நான் புகார் எண்ணோடு அப்பீலுக்கு எழுதியிருக்கிறேன். அசோசியேஷனிடம் பில்டர் போட்ட ஒப்பந்தத்தின் நகல் கேட்டிருக்கிறேன், செக்ரட்டரி "தேடிப் பார்க்கிறேன்" என்கிறார். தங்கள் வளாகத்தில் இரண்டாவது கம்பெனியை உள்ளே கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால், அசோசியேஷன் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டீர்கள், பில்டர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைத்தான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.