ஆர்ச்சஸ் கோல்ட் பிரஸ் 300 ஜிஎஸ்எம்: பூ வரைய எப்படி?

தோட்டத்துப் பூக்களை இதழ் இதழாகக் கோடு போட்டு நிரப்பாமல், இம்ப்ரெஷனிச பாணியில் வாட்டர்கலரில் நீரோடு நிறத்தை ஓடவிட்டு வரைபவர்களுக்கு பெயின்ட்டை விடத் தாள்தான் முக்கியம். சுமாரான பெயின்ட் இருந்தாலும் நல்ல தாளில் ரோஜா வந்துவிடும். மரக்கூழ்த் தாளில் எவ்வளவு உயர்ந்த பெயின்ட்டும் சீக்கிரம் காய்ந்து விளிம்பு கட்டிக்கொள்ளும்.

ஆர்ச்சஸ் முழுக்கப் பருத்தித் தாள். 1492-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆலையின் தயாரிப்பு. மேலே மட்டுமல்லாமல் உள்ளேயும் ஜெலட்டின் பசை ஏறியிருப்பதால் தண்ணீர் உடனே உறிஞ்சப்படாமல் மேற்பரப்பிலேயே நிற்கிறது. இந்தப் பாணிக்கு வேண்டியதே அந்த அவகாசம்தான்.

ஒரு ரோஜாவைப் பாருங்கள். 10 அல்லது 12 எண் ரவுண்ட் பிரஷ்ஷில் குவினாக்ரிடோன் ரோஸ் என்ற ரோஜா நிறத்தை எடுத்து, நடுவில் அடர்த்தியாக இரண்டு மூன்று தீற்றல். அவற்றுக்கிடையே வெள்ளைக் கீற்றுகளை விட்டுவிட வேண்டும். பிரஷ்ஷைக் கழுவி, டிஷ்யூவில் ஒற்றி, வெறும் ஈரத்தோடு அந்த நிறத்தின் ஓரத்தைத் தொட்டு வெளிப்பக்கம் இழுத்தால் இதழ் தானாக வெளிறி விரியும். இந்தத் தாளில் அதற்குப் பிறகும் நேரம் இருக்கும்: ஓர் இதழின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் பச்சையைத் தொட்டுவைத்தால் பூவும் இலையும் ஒன்றில் ஒன்று கரையும். எல்லா ஓரத்தையும் கரைத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு கூர்மையாக நின்றால்தான் பூவுக்கு உருவம் கிடைக்கும்.

அவகாசம் அதிகம் என்பதால் கை சும்மா இருக்காது, அதுதான் ஆபத்து. தாளைச் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு தெரிகிறதா? அப்படியானால் நிறம் சேர்க்கலாம். பளபளப்பு மங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் தாளை விட ஈரமான பிரஷ் பட்டால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத் துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கும். காலிஃபிளவர் மாதிரி கறை விழும். அதன்மேல் திரும்பத் திரும்பத் தேய்ப்பதை விட, முழுசாகக் காயவிட்டு மேலே இன்னொரு படலம் போடுவது மேல்.

கோல்ட் பிரஸ்ஸின் சொரசொரப்பும் கைகொடுக்கிறது. கெட்டியான நிறத்தோடு காய்ந்த பிரஷ்ஷைப் படுக்கவைத்து வேகமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டி, டேலியா இதழ்களின் மேல் வெயில் பட்ட மினுக்கம் வரும். மழமழப்பான ஹாட் பிரஸ்ஸில் இது கிடைக்காது.

குறைகளும் உண்டு. தாலோ நீலம், தாலோ பச்சை போன்ற கறை பிடிக்கும் நிறங்கள் காய்ந்த பிறகு முழுசாக எடுபடாது. வெள்ளையை முதலிலேயே ஒதுக்கிவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். நனைத்தால் ஜெலட்டின் வாடை லேசாக வரும், காய்ந்ததும் போய்விடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம் என்றாலும் முழுத் தாளையும் நனைத்தால் அலை அலையாக எழும்பும், பள்ளத்தில் நிறம் தேங்கும். பலகையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையேல் ஓரங்கள் ஒட்டப்பட்ட தாள் அடுக்கான பிளாக் வாங்குங்கள். ஆனால் பிளாக்கில் மேல் தாள் காய்ந்து, கழற்றிய பிறகுதான் அடுத்ததைத் தொட முடியும்.

ஈரப்பதமான இடத்தில் திறந்து வைத்தால் பசை கெட்டுப்போகும். பிறகு வாஷ் (நீர்த்த நிறத்தைப் பரப்பாகப் பூசுவது) போடும்போது அங்கங்கே ஒற்றுத்தாள் போல நிறத்தை உறிஞ்சி அடர் புள்ளிகள் தெரியும், அதைச் சரிசெய்ய வழியில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் படுக்கைவாட்டில் வையுங்கள்.

முதல்முறை வாங்குபவர்கள் 56 × 76 செ.மீ. முழுத் தாளாக வாங்கி, 28 × 19 செ.மீ. அளவில் எட்டாக வெட்டிக்கொள்ளலாம். ஒரு பூவும் இரண்டு இலையும் வரைய அது தாராளம். இரண்டு பக்கமும் வரையலாம் என்பதால், சரியாக வராத படத்தின் பின்பக்கம் அடுத்த பயிற்சிக்கு ஆகும்.