கோத்தகிரி ஈரத்தில் ஒரு ஸ்னோபோர்டு: நான்கு ஆண்டு அனுபவம்

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் ஒரு படத்தை அனுப்பி, "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற அதே போர்டுதான், விலை நல்லா இறங்கியிருக்கு, வாங்கிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். அவர் சொல்வது ஸ்னோபோர்டை, அதாவது இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் சறுக்கும் பலகையை. நான் 72,000 ரூபாய் கொடுத்து வாங்கிய அது இப்போது 49,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. போன வருட நிறம் என்பதைத் தவிர வேறு குறை இல்லையாம். அந்தச் செய்தி வந்தபோது நான் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதே பலகையின் எஃகு விளிம்பில் படிந்திருந்த துருவை ரப்பர் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வடகிழக்குப் பருவமழை நான்காவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. இது அந்த மனநிலையில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

கோத்தகிரியில் ஒருவன் ஸ்னோபோர்டு வைத்திருப்பதே வேடிக்கைதான் என்று எனக்குத் தெரியும். தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். ஆண்டுதோறும் நான் போகும் காஷ்மீரத்துக் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர். உயரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரியிலும் அவர்கள் 34 டிகிரியிலும் இருப்பதால், அங்கே கூரை மறையப் பனி குவிகிற ஜனவரியில், இங்கே ஊட்டியை அடுத்த தலைகுந்தாவின் புல்வெளியில் விடிகாலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் காணாமல் போய்விடுகிறது. ஆகவே, வாங்கிய நாளில் இருந்து கழிந்த ஏறத்தாழ 1,400 நாட்களில் என் பலகை வெறும் 44 நாட்கள்தான் பனியில் இறங்கியிருக்கிறது. படிக்கக் கிடைக்கும் மதிப்புரைகள் எல்லாம் அப்படிப்பட்ட 44 நாட்களைப் பற்றியவை. மிச்ச நாட்களில் அது எங்கே, எப்படிக் கிடந்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

அந்த 44 நாட்களைப் பற்றி என்னிடம் புகார் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாங்குவதற்கு முன் இரண்டு குளிர்காலங்கள் வாடகைப் பலகையில் ஓட்டினேன். என் பாதம் 29 சென்டிமீட்டர் நீளம். வாடகைக் கடையில் கொடுத்த பலகையின் இடையகலமோ, அதாவது நடுவில் குறுகும் இடத்தின் அகலமோ, 25 சென்டிமீட்டர்தான் இருக்கும். நேராகப் போகும்வரை இதில் ஒரு தொந்தரவும் தெரியாது. பலகையை நன்றாகச் சாய்த்து விளிம்பின் மேல் ஏற முயலும்போதுதான், எஃகு பனியைப் பிடிப்பதற்கு முன்னால் பூட்ஸின் முனை பனியில் போய் மண்வெட்டி போல் இறங்குகிறது. அது இறங்கிய நொடியில் விளிம்பு பனியை விட்டு மேலே எழும்பிவிடும், நாம் மார்பு அடிபட விழுந்துகிடப்போம். இரண்டாம் ஆண்டில் அப்படி எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதைத் திறமைக் குறைவு என்றே நினைத்திருந்தேன். அகலக் குறைவு என்று பிறகுதான் புரிந்தது. பலகை வாங்க வருகிறவர்கள் எல்லாரும் நீளத்தை விசாரிக்கிறார்கள், எடைக்கு ஏற்ற அட்டவணையைப் பார்க்கிறார்கள். இடையகலத்தை யாரும் கேட்பதில்லை. பெரிய பாதம் உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனை, மற்ற எண்களை விட்டுவிட்டு அந்த ஓர் எண்ணை முதலில் பாருங்கள் என்பதுதான். என்னுடையது 26.6 சென்டிமீட்டர்.

அகலம் சரியானதும் கார்விங், அதாவது விளிம்பால் பனியைக் கீறிக்கொண்டு வளைவது, என்றால் என்ன என்பது முதல் முறையாக உடம்புக்குத் தெரிந்தது. அதற்கு முன் நான் செய்துகொண்டிருந்தது எல்லாம் பலகையைக் குறுக்கே தள்ளிப் பனியைச் சுரண்டிக்கொண்டு திரும்புவதுதான். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டையூசி வளைவுகளிலும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்குகிறவரின் ஓட்டம் அது. விளிம்பின் மேல் முழுதாக ஏறிவிட்டால் பலகை சறுக்குவதில்லை, தன் பக்கவளைவு, அதாவது விளிம்பு இடையை நோக்கி உள்வாங்கிய வளைவு, எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் தானே நம்மை அழைத்துக்கொண்டு போகிறது. இதன் கணக்கு எளியது: பக்கவளைவின் ஆரம் 9 மீட்டர் என்றால், பலகையை 60 டிகிரி சாய்க்கும்போது கெட்டியான பனியில் திருப்பத்தின் ஆரம் ஏறத்தாழ பாதியாக, அதாவது 4.5 மீட்டராகச் சுருங்கும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு இறுக்கமாகத் திரும்பும். காலால் தள்ளித் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. குல்மார்க்கின் கம்பிவட ஊர்தியான கொண்டோலாவின் முதல் கட்டத்துக்குக் கீழே, இயந்திரம் சமன்செய்துவிட்டுப் போன பரப்பில், கூட்டம் வருவதற்கு முன் ஒருநாள் காலையில் இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பேனாக்கத்தியால் கீறியதுபோல ஒரே ஒரு மெல்லிய கோடு வளைந்து வளைந்து கிடந்தது. அகலமான சுரண்டல் தடம் எங்குமே இல்லை. 40 வயதைத் தாண்டிய ஒருவன் தன் தடத்தைத் தானே படம்பிடித்து வீட்டுக்கு அனுப்பிய வெட்கத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆழப் பனியில் இதன் குணம் வேறு. கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையின் தோளில், ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து கீழே உள்ளவை யாரும் சமன்செய்யாத சரிவுகள். பனிச்சரிவு அபாயம் இல்லை என்று ரோந்துக் குழுவினர் திறந்துவிட்டால்தான் அங்கே போக முடியும். அப்போதும் உடலில் சமிக்ஞைக் கருவி, முதுகில் மண்வாரியும் துழாவுகோலும் இல்லாமல் போகக் கூடாது. சாதாரணப் பலகையில் இடுப்பளவுப் பவுடரில், அதாவது பொலபொலவென்ற புதுப்பனியில், இறங்கினால் பலகையின் மூக்கு (முன்முனை) மூழ்காமல் இருக்க எடை முழுவதையும் பின்காலில் தாங்க வேண்டும், பத்தே நிமிடத்தில் தொடை எரியத் தொடங்கிவிடும். இந்தப் பலகையின் மூக்கு வாலைவிட 2 சென்டிமீட்டர் அகலம், முன்பகுதி மேல்நோக்கி வளைந்தது, கால்களைப் பிணைக்கும் இடமும் நடுவில் இருந்து சற்றுப் பின்தள்ளி அமைந்தது. அதனால் வால் தானாக அமிழ்கிறது, மூக்கு தானாக எழுகிறது, நாம் நிமிர்ந்து நின்றால் போதும். பரிசல்காரர் துடுப்பை லேசாகச் சாய்ப்பது போன்ற அசைவுக்கே திரும்பிக்கொடுக்கிறது.

குறைகள் உண்டு. அகலமாக இருப்பதால் ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்புக்கு மாற அரை நொடி கூடுதலாகிறது. மரங்களுக்கு நடுவே அந்த அரை நொடி பெரியது. மெதுவாகப் போனால் விறைப்பாக, ஒத்துழைக்காமல் நிற்கும். வாலை முன்னால் விட்டுப் பின்புறமாக ஓட்டுகிற வித்தைகளுக்கு இது ஆகாது. அடிவாரத்துச் சமதளத்தில், காலுக்கு ஒரு பலகை கட்டிய ஸ்கீக்காரர்கள் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போக, நாம் ஒரு காலைக் கழற்றி உந்திக்கொண்டு போவது இந்தப் பலகையின் தவறல்ல, ஸ்னோபோர்டு என்ற பிறவியின் தவறு.

இனி விளிம்புக்கு வருகிறேன். விளிம்பு சாதாரண எஃகு. துருப்பிடிக்காத எஃகு அல்ல. குளிர்ந்த, வறண்ட ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கோத்தகிரியில் ஐப்பசியில் ஒரு சட்டையைத் துவைத்துப் போட்டால் மூன்று நாள் கழித்தும் கழுத்துப்பட்டி ஈரமாகவே இருக்கும். உப்பு ஜாடி தண்ணீர்விடும். அலமாரியில் தோல் செருப்பு பச்சைப் பூஞ்சை பூக்கும். இந்த வீட்டில் மொத்தம் மூன்று மீட்டருக்கும் மேல் நீளமுள்ள திறந்த எஃகை ஆண்டு முழுவதும் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. முதல் ஆண்டு நான் செய்த முட்டாள்தனம், குல்மார்க்கில் கடைசி நாள் நனைந்த பலகையை அப்படியே பஞ்சு வைத்த உறைக்குள் திணித்து, ஸ்ரீநகர், தில்லி, கோயம்புத்தூர் என்று இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, அசதியில் அதை அவிழ்க்காமல் ஒரு வாரம் மூலையில் சாத்திவைத்தது. அவிழ்த்தபோது விளிம்பு முழுவதும் ஆரஞ்சு நிறம். உறையின் உட்துணியில் பலகையின் உருவமே துருக்கோடாக அச்சாகியிருந்தது. பாதுகாப்புக்கு என்று காசு கொடுத்து வாங்கிய உறைதான் ஈரத்தைப் பொத்திவைத்துக் கெடுத்தது.

அதன் பிறகு எல்லாவற்றையும் முயன்றேன். சிலிக்கா பொட்டலங்களை வைத்தேன், இரண்டு வாரத்தில் அவை நனைந்து ஓய்ந்தன. தையல் இயந்திர எண்ணெயைத் தடவினேன், சுவரில் கறை பட்டதுதான் மிச்சம். நான் கணக்கு எழுதுகிற தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலமிடும் அறைதான் இந்த வட்டாரத்திலேயே ஈரம் குறைந்த இடம் என்பதால், மேலாளரிடம் கெஞ்சி அங்கே ஒரு மூலை கேட்டேன். வழுக்கிச் செல்வதற்காக அடியில் மெழுகு தேய்த்திருந்த பலகையை அவர் முகர்ந்து பார்த்தார். "மெழுகு வாசனை வருது. தூள்ல ஏறிடுச்சுன்னா ஏலத்துல என்னத்த சொல்றது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், எனக்குப் பேச வாயில்லை. மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் ஓர் ஆண்டு வைத்தேன். அங்கே துரு பிடிக்கவே இல்லை. ஆனால் நவராத்திரிக்குப் போனபோது என் பலகை கொலுவின் மூன்றாவது படியாக இருந்தது. தரையில் வைத்தால் இரு முனையும் தொட, நடு மட்டும் சற்று எழும்பி நிற்கும் கேம்பர் வளைவு, செட்டியார் பொம்மையின் எடையில் அழுந்திச் சமமாகியிருந்ததைப் பார்த்தபோது, காலடியில் என்ன நடக்கிறது என்பது புரிந்தது என்னவோ உண்மை. இருந்தாலும் பண்டிகை முடிந்ததும் திரும்ப எடுத்துவந்துவிட்டேன். துருப்பிடித்தாலும் என் கண்ணெதிரே பிடிக்கட்டும் என்று தோன்றியது. அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இந்த ஆண்டு மழைக்கு முன் நிலைமை முற்றிவிட்டது. குதிகால் பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குத் துரு குழிகுழியாக இறங்கியிருந்தது. ரப்பர் கல் அதைத் தொடவில்லை. கீழே மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கவாத்துக் கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பலகையை வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, விளிம்பு நெடுகப் பார்வையை ஓட்டினார். பிறகு கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"இது எதை வெட்டுற கத்தி சார்?"

"பனியை."

"பனியையா? அதைக் கோத்தகிரியிலேயே வருஷம் பூரா வெட்டலாமே."

எங்கள் ஊரில் மூடுபனி, நீர்ப்பனி, உறைபனி எல்லாமே பனிதான் என்பதால், அவர் சொன்னதை மறுக்க எனக்குச் சொல் அகப்படவில்லை. சாணைச் சக்கரத்தை அவர் தொடவே இல்லை. "வீல்ல வெச்சா சூடேறிப் பதம் போயிரும், அடியில இருக்கிற பசையும் விட்டுரும்" என்று சொல்லி, தட்டை அரத்தை எடுத்து, ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், ஏறத்தாழ அரை மணி நேரம் இழுத்தார். பக்கவாட்டில் 2 டிகிரி வேண்டும் என்று நான் கொண்டுபோன பிளாஸ்டிக் வழிகாட்டியை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். கடைசியில் நான் அளந்தபோது கோணம் சரியாகவே இருந்தது. அதற்கு அவர் வாங்கியது 80 ரூபாய். விளிம்பின் தடிமனே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான் என்பதால் இப்படி நிறைய முறை அராவ முடியாது என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார்: "இன்னும் நாலு தடவை தாங்கும். துருப் பிடிக்க விடாதீங்க."

இப்போது செய்வது இதுதான்: குல்மார்க் அறையிலேயே பலகையைத் துடைத்து ஓர் இரவு காயவைக்கிறேன், வீட்டுக்கு வந்ததும் இஸ்திரிப் பெட்டியால் மெழுகை உருக்கி அடிப்பரப்பிலும் விளிம்பின் மேலும் கெட்டியாக வழியவிட்டு, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுகிறேன், உறைக்குள் போடாமல், புகைபோக்கி போகும் சுவரை ஒட்டி நிற்கவைக்கிறேன். இஸ்திரிப் பெட்டியில் புகை வந்தால் சூடு அதிகம் என்று பொருள், உடனே குறைக்க வேண்டும். இத்தனையும் செய்து, இந்த மழையில் மெழுகு விரிசல்விட்ட ஓர் இடத்தில் மறுபடியும் ஆரஞ்சுப் பொட்டு. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துக் கட்டித் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த விளையாட்டுப் பொருளில் இருந்துதான் 'ஸ்னர்ஃபர்' பிறந்தது. பனிச்சறுக்குப் பலகைகளின் அந்த மூதாதைக்கு எஃகு விளிம்பே கிடையாது. நேற்று இரவு அதை நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

ஆகவே தம்பி, உங்களுக்கு என் பதில்: வாங்க வேண்டாம். ஆண்டுக்கு 11 நாள் ஓட்டுவதற்கு 49,000 ரூபாயும், மிச்ச நாளெல்லாம் ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பது போன்ற வேலையும் தேவையே இல்லை. குல்மார்க்கில் வாடகைக்கு எடுங்கள், இடையகலத்தைக் கேட்டு எடுங்கள். நீங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள், அந்த வெயிலில் இவ்வளவு துரு பிடிக்காது என்று சொல்வீர்கள். அது நியாயமான வாதம், ஆனாலும் இன்றைக்கு என்னால் வாங்கு என்று சொல்ல முடியாது. அடுத்த வரியில், என்னுடையதையே பாதி விலைக்குத் தருவேனா என்று கேட்டிருந்தீர்கள். தரமாட்டேன். ஜனவரி மூன்றாவது வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, அதற்குள் அந்தப் பொட்டைத் தேய்க்க வேண்டும்.