பார்டோக்கின் தனி வயலின் சொனாட்டா: மெனுஹின் பதிப்பா, கையெழுத்து மூலமா?

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் தனி வயலின் சொனாட்டாவுக்கு (வயலின் மட்டுமே வாசிக்கும் நான்கு பகுதிப் படைப்பு) இரண்டு அச்சுப் பிரதிகள் இருக்கின்றன. ஒன்று 1947இல் வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் பதிப்பித்தது. மற்றது 1994இல் பார்டோக்கின் மகன் பீட்டர், தந்தையின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக் கொண்டுவந்தது. முதல் மூன்று பகுதிகளில் உள்ள வேறுபாடு வாசிப்பவருக்குத்தான் பெரிது. நான்காவதான பிரெஸ்டோ என்ற அதிவேகப் பகுதியில் அது கேட்பவருக்கும் தெரியும். மெனுஹின் பிரதியில் இருப்பவை அரைச்சுரங்கள், மூலத்தில் இருப்பவை கால்சுரங்கள். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு உள்ள இடைவெளி அரைச்சுரம்; கால்சுரம் அதில் பாதி.

எந்த நிலையில் எழுதப்பட்ட இசை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹங்கேரி நாஜிகள் பக்கம் சாய்வதைப் பொறுக்காமல் பார்டோக் 1940 அக்டோபரில் மனைவியோடு நாட்டைவிட்டுக் கிளம்பினார். அப்போது எழுதிய உயிலில், புடாபெஸ்ட்டில் ஹிட்லர், முசோலினி பெயரில் சதுக்கங்கள் இருக்கும்வரை தன் பெயரை அந்த நாட்டில் எந்தத் தெருவுக்கும் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்போ-குரோவாசிய நாட்டுப்பாடல் ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சுரப்படுத்தும் வேலை கிடைத்தது. அப்புறம் உடல் விழுந்தது. 1943 இறுதியில் மெனுஹின் அவரைச் சந்தித்து, அவருடைய முதல் வயலின் சொனாட்டாவை அவருக்கே வாசித்துக் காட்டினார். துணைக்கருவி இல்லாமல் வயலினுக்கு மட்டும் ஒன்று எழுதித் தரும்படியும் கேட்டார். உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போயிருந்த வட கரோலினாவின் ஆஷ்வில் ஊரில், 1944 மார்ச் 14 அன்று பார்டோக் அதை எழுதி முடித்தார். ஐந்தாம் நாள் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது.

சரி, கால்சுரம் அப்படி என்ன கஷ்டம்? வயலின் கம்பியின் அதிரும் நீளம் ஏறக்குறைய 32.5 செ.மீ. கழுத்தின் நுனியில் ஓர் அரைச்சுரத்துக்கு சுமார் 1.8 செ.மீ. இடம் உண்டு. பக்கத்துப் பக்கத்து விரல்களை ஒட்டி வைத்தால் அது வந்துவிடும். கால்சுரத்துக்குக் கிடைப்பது 9 மி.மீ. சொச்சம்தான். ஒரு ஸ்தாயி மேலே போனால் அதிலும் பாதி. இரண்டு விரல் நுனிகளுக்கு அங்கே இடமில்லை. ஒரு விரலை எடுத்துக்கொண்டே அடுத்ததைச் செருக வேண்டும், அல்லது அதே விரலை மயிரிழை நகர்த்த வேண்டும். இதைப் பாய்ச்சல் வேகத்தில், குதிரை (கம்பிகளைத் தாங்கும் சிறு பலகை) மேல் ம்யூட் (ஒலியை அமுக்கும் சிறு கவ்வி) மாட்டிய வயலினில் செய்யச் சொல்கிறார் பார்டோக். கமகம் கேட்டுப் பழகிய நமக்கு இடைச்சுரம் புதிதல்ல. ஆனால் இது கமகம் போல வழுக்கிப் போவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி நறுக்கு.

மெனுஹின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் பார்த்தபோது வாசிக்கவே முடியாதோ என்று கலங்கியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனாலும் உழைத்து, 1944 நவம்பர் 26 அன்று கார்னகி ஹாலில் அரங்கேற்றினார். ஒற்றை வயலினை இருபது நிமிடம் யார் கேட்பார்கள் என்று பயந்திருந்த பார்டோக், தனக்கு அது நன்றாகவே இருந்தது என்று கடிதம் எழுதினார். இன்னொன்றும் முக்கியம்: அந்த அரைச்சுர வடிவத்தை மெனுஹின் தானாக இட்டுக்கட்டவில்லை. கால்சுரங்கள் நிறத்துக்காக மட்டுமே, கட்டுமானத்தில் அவற்றுக்குப் பங்கில்லை, வேண்டாமென்றால் நீக்கலாம் என்று 1944 ஏப்ரலில் அவருக்கு எழுதிய பார்டோக், மாற்றுச் சுரங்களையும் தானே எழுதிக் கொடுத்திருந்தார். ஆக இரண்டுமே பார்டோக்தான். 1945 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அச்சில் ஏறியது மாற்று மட்டும். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் வயலின்காரர்கள் கையில் இருந்ததும் அதுதான்.

அந்தக் கடிதத்தை மதித்துக்கொண்டே சொல்கிறேன், என் ஓட்டு மூலத்துக்குத்தான். நிறம் மட்டும்தான் என்றாலும் பிரெஸ்டோவின் தொடக்கத்துக்கு அந்த நிறமே உயிர். ம்யூட்டுக்கு அடியில், மூடிய கைக்குள் அகப்பட்ட வண்டு போல ஒரு ரீங்காரம் எழுகிறது. அரைச்சுரத்தில் வாசித்தால் அது சுத்தமான குரோமட்டிக் ஓட்டம் (அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்வது), விரல் பயிற்சியை வேகமாக வாசித்தது போல இருக்கிறது. கால்சுரத்தில்தான் கூசுகிறது. கிராமம் கிராமமாக ஃபோனோகிராஃப் தூக்கிப் போய், மேற்கத்திய இசைக்குறிப்பின் ஐந்து கோட்டில் அடங்காத சுரங்களை ஆயுள் முழுக்கக் கேட்டு எழுதிய மனிதர் அவர். ஊரைவிட்டு வந்த இடத்திலும் அதே வேலையைத்தான் பார்த்தார். அந்தக் காது இந்த ஓரிடத்தில் தன்னை அப்படியே எழுதி வைத்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் மூன்றாம் பகுதியான மெலொடியாவுக்கு நான் திரும்பத் திரும்பப் போவது மெனுஹினின் 1947 ஒலிப்பதிவுக்கே. அந்தத் தனிமையான நீள வரியை அவர் அவசரமில்லாமல், குரலெடுத்துப் பாடுவது போல இழுக்கிறார். இரண்டாம் பகுதியான நாலு குரல் ஃபியூகில் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் வடிவம்) வில் கொஞ்சம் உராய்வது கேட்கும். அது எனக்குத் தொந்தரவாக இல்லை.

புதிதாகக் கேட்கிறவர்கள் முதலில் அந்தப் பதிவை முழுதாகக் கேளுங்கள். அப்புறம் 1994க்குப் பிந்தைய பதிவு ஒன்றை எடுத்து, பிரெஸ்டோவின் முதல் பத்து விநாடியைப் போட்டுப் பாருங்கள். எல்லாச் சுரமும் ஆர்மோனியக் கட்டையில் பிடிபட்டால் அது மெனுஹின் வழி. இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கோ நழுவினால், வாசிப்பவர் கையெழுத்தைப் பார்த்து வாசிக்கிறார்.