தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா: தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்கு எது?

ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு. அக்கா மகள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், என் பையன் தனியாரில் இங்கிலீஷ் மீடியம், இருவருமே 3ஆம் வகுப்பு.

பையன் இங்கிலீஷ் சரளமாகப் பேசுவான், சொந்தக்காரர்கள் வந்தால் ரைம்ஸ் சொல்லி அசத்துவான். ஆனால் கணக்கில் 'ஹவ் மெனி ஆர் லெஃப்ட்' என்று வந்தபோது, படத்தில் இடது பக்கம் இருந்த மாம்பழங்களை மட்டும் எண்ணி எழுதிவிட்டு வந்தான்! அதே மாதிரிக் கணக்கை 'மீதி எத்தனை' என்று படித்த அக்கா மகள், விரல் மடக்கித் தெலுங்கில் எண்ணி, தமிழில் விடை எழுதினாள். பிள்ளைகள் இரண்டாவது மொழியில் படிப்பதைப் பற்றிக் கனடாவில் ஆய்வு செய்த ஜிம் கம்மின்ஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: புது மொழியில் பேச்சு 2 வருடத்தில் வந்துவிடும், பாடத்தைப் புரிந்து யோசிக்கிற அளவுக்கு வர 5 முதல் 7 வருடம் ஆகும், ஒரு மொழியில் பிடிபட்ட கருத்து அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும்.

அதற்காகத் தமிழ் மீடியத்தில் குறையே இல்லை என்று இல்லை. அவளுக்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியம் கோத்துப் பேச வராது, அக்காவுக்கு அந்தக் கவலை. என்னைக் கேட்டால் 5ஆம் வகுப்பு வரை தமிழ் மீடியம்தான். பையனை மாற்றிவிடலாம் என்றேன், வீட்டில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.