ஹெட்செட் கூட்டமா, நாற்காலிக் கூட்டமா?

போன வருடம் ஆபீஸ் ஆண்டு விழாவில் எனக்கு நன்றியுரை. ஏழு பேர் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாலாவது பெயரோடு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். விட்டுப்போன மூவரில் ஒருவர் மேனேஜர். அதன்பிறகு மேடை பயம் போக இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டேன்: அத்தை மகன் கேம் ஆட வாங்கிய விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் வேறொரு இடத்தில் இருப்பதுபோல் காட்டும் கருவி) ஒன்று, சேலத்தில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாணியில் கூடும் பேச்சுப் பயிற்சிக் குழு இன்னொன்று. கண்ணாடி முன் பேசிப் பழகுவதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கண்ணாடிக்கு யார் பயப்படுகிறார்கள்?

ஹெட்செட்டை மாட்டியதும் வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் முகங்கள். பொம்மை முகம் என்று மூளைக்குத் தெரியும்; உள்ளங்கைக்குத் தெரியவில்லை, வியர்த்துவிட்டது. சூட்சுமமே அங்கேதான். பயம் வரும் இடத்தில் ஓடாமல் நின்று, ‘நினைத்த விபரீதம் நடக்கவில்லை’ என்று உடம்புக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் மனநல சிகிச்சையில் செய்வது. நிஜத்தில் ஒரே நன்றியுரையை ஒரே மாலையில் பத்துத் தடவை சொன்னால் அடிக்க வருவார்கள். இங்கே சொல்லலாம்.

வெறும் விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. 2013-ல் அமெரிக்காவில் பேஜ் ஆண்டர்சன் குழுவினர் 97 பேரிடம் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். விஆர் கூட்டத்தின் முன் பழகியவர்களும், குழுவில் நிஜ ஆட்கள் முன் பழகியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் சிகிச்சையாளர் இருந்தார். என் பக்கத்தில் அத்தை மகன். அவனுக்கு அடுத்த ஆட்டத்துக்கு அவசரம்.

தலை சுற்றுமா என்று கேட்பார்கள். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிற ஆள் நான், எனக்கே சுற்றவில்லை. கண்ணுக்குக் காட்சி ஓடி, உடம்பு அப்படியே நின்றால்தான் விஆரில் பெரும்பாலும் குமட்டும். மேடைப் பயிற்சியில் இரண்டுமே நிற்கின்றன. தொல்லை வேறு: கையில் இருக்கும் குறிப்புச்சீட்டு கண்ணுக்குத் தெரியாது. சேலத்து மே மாதத்தில் முகத்தில் அரைக் கிலோவைக் கட்டிக்கொள்வதும் சுகமான வேலை இல்லை.

குழுவுக்கு வருவோம். 1924-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறைதான்: தலைப்பை அந்த நொடியில் தருவார்கள், ஓரிரு நிமிடம் பேச வேண்டும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள். ‘ஆ’, ‘ம்’ எத்தனை வந்தது என்று எண்ணவே ஒருவர். முதல் நாள் நான் 17 ‘அதாவது’ போட்டிருந்தேன். ஹெட்செட்டில் மூன்று வாரம் பேசியும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அங்கே கூட்டம் திருப்பி எது வேண்டுமானாலும் செய்யும். போன் அடிக்கும், ஒருவர் எழுந்து போவார், நீங்கள் நகைச்சுவை என்று நினைத்த இடத்தில் மயான அமைதி. நீதிக்கட்சி 1944-ல் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்தச் சேலத்து மாநாட்டில்தான். மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்த காதுகள், எளிதில் மசியாது. மைக் கீச்சிடும்போதும், பேச்சின் நடுவே யாரோ பொன்னாடையோடு ஏறும்போதும், ‘சுருக்கவும்’ என்று துண்டுச்சீட்டு வரும்போதும் என்ன செய்வதென்று எந்த ஹெட்செட்டும் கற்றுத்தரவில்லை.

ஒன்றுதான் என்றால் என் ஓட்டு குழுவுக்கே. சந்தாவும் ஹெட்செட் விலைக்குப் பக்கத்தில் வராது. ஆனால் குழுவின் வாசல் வரை போய்த் திரும்பும் ரகமாக இருந்தால் (நான் இரண்டு முறை திரும்பினேன்) ஹெட்செட்டை இரவல் வாங்குங்கள். விலைக்கு வேண்டாம். என்னை மூன்றாம் முறை உள்ளே தள்ளியது அந்தப் பொம்மைக் கூட்டம்தான். தூக்கமே போகிற அளவு பயம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வருடம் நன்றியுரை வேறொருவருக்கு. எனக்கு வரவேற்புரை, 11 பெயர். மேனேஜர் பெயரை முதலில் வைத்திருக்கிறேன்.