ஒரு வருட மாஸ்டர்ஸா, இரண்டு வருட மாஸ்டர்ஸா?

ஹட்டன் பக்கம் ஐடி டிகிரி முடித்த தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்பது, நெட்வொர்க், சிஸ்டம்ஸ் பக்கம் மாஸ்டர்ஸ் செய்தால் பாடம் மட்டும் உள்ளதை எடுப்பதா, ஆய்வோடு எடுப்பதா என்றுதான். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதலாவது 9ஆம் மட்டம், 30 கிரெடிட், ஒரு வருடம். மற்றது 10ஆம் மட்டம், 60 கிரெடிட், இரண்டு வருடம், அதில் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வுக்கு.

உங்கள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பெரிகிறது என்றால் ஒரு வருடமே சரி, வேலை உயர்வுக்கு அது போதும்.

ஆனால் எனக்கு மனசு ஆய்வுப் பக்கம்தான். மலைக்கு அந்தப் பக்கம் டவர் உள்ள ஒரு தோட்ட லயத்து வீட்டு ஜன்னலில் 4ஜி ரவுட்டரை வைத்து பிங் அடித்து, அதாவது சின்னச் செய்தி ஒன்று போய்வர எவ்வளவு நேரம் என்று பாருங்கள், 40 மில்லிசெக்கன் திடீரென்று 400க்குத் தாவும், நடுவில் சில பாக்கெட் (தரவுத் துண்டு) வரவே வராது. இணையத்தில் தரவு அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டிசிபி; அதில் கியூபிக் போன்ற முறை, சிக்னல் தவறி விழுந்த பாக்கெட்டையும் நெரிசல் என்றே எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற இன்னொரு முறை, பாக்கெட் இழப்பை நம்பாமல் இணைப்பின் கொள்ளளவையும் போய்வரும் நேரத்தையும் அளந்து நடக்கும். நம் தோட்டங்களில் இந்த இரண்டில் எது தாங்கும் என்று மாதக்கணக்கில் அளந்து எழுத, நம் பிள்ளைகளை விட யாருக்கு வசதி?

அப்புறம், பிஎச்டி ஆசை கொஞ்சமாவது இருந்தால் 10ஆம் மட்டத்தையே பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் எந்த மட்டம் என்று கட்டாயம் கேளுங்கள், பெயர் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.